எங்கள் வீட்டு மூதவை

1974 பெப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. விடியற்காலை பனி இறங்கியிருந்தது. பூசை முடிந்து வரும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. மழைக்கான அறிகுறியே இல்லை. (குடை கொண்டுபோயிருந்தேன். நான் எப்போதும் கொண்டுபோவேன்.) அந்த நேரத்தில்தான் மாத்தளையில் எங்கள் வாடகை வீட்டுப் பாராளுமன்றம், இரண்டு சபைகளோடு, முதலும் கடைசியுமாகக் கூடியது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு டியூட்டரியில் குடியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்கள் என்று நாற்பத்தெட்டில் ஒதுக்கப்பட்டதால், எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இலங்கைப் பிரசாவுரிமை கிடையாது. அதாவது, ஓட்டு இல்லாத ஒருவன் நாற்பது பிள்ளைகளுக்கு ஓட்டின் அருமையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். (பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.)

என் கையில் இருந்த பாடப்புத்தகம் பழையது. அதில் நாட்டுக்கு இரண்டு சபைகள் இருந்தன. கீழே மக்கள் தெரிவு செய்யும் பிரதிநிதிகள் சபை; மேலே மூதவை என்கிற செனற் சபை. எழுபத்தொன்றில் மூதவையைக் கலைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் இனி ஒரே சபைதான் என்று புது அரசியல் யாப்பும் வந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. கீழ்ச்சபை அவசரத்தில் எதையாவது நிறைவேற்றினால், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல ஓர் இடம் வேண்டாமா? நான் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன். மூதவையும் பூட்டை இழுத்துப் பார்க்கிற சபைதான். நாட்டில் அதை எடுத்துவிட்டார்கள் என்றால் வீட்டிலாவது வைப்போமே என்று நினைத்தேன்.

அதற்கு ஒரு காரணமும் வாய்த்தது. என் தங்கை பிலோமினாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் அருள்தாஸ், கலேவெலயில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளார்க். பல்லேபொலைக்காரர்கள். பிலோவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அப்பா மட்டும் மூன்று வாரமாக "பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சண்டை போட்டால், "பாப்போம்னுதானே சொன்னேன்" என்பார்.

அந்த ஞாயிறு பையனும் அவன் அப்பா பிரகாசமும் முடிவு கேட்க வருகிறார்கள். மாதக் கடைசியில் தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குமுன் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாக வேண்டும். அன்றைக்கே முடிவு சொன்னால்தான் உண்டு. போதாக்குறைக்குப் பிரகாசம் ஒளிவு மறைவில்லாத மனிதர். யட்டவத்தயிலும் ஒரு பெண் வீட்டார் கூப்பிட்டிருக்கிறார்கள், உங்களிடம் சரியான பதில் இல்லாவிட்டால் ஒரு மணி பஸ்ஸில் அங்கே போய்விடுவோம் என்று முதலே சொல்லியனுப்பிவிட்டார். பிலோ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில் புத்தியுள்ள அண்ணன் என்ன செய்வான்? அப்பாவைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுவான். நான் அரசியல் யாப்பு எழுதினேன்.

சமையல் நடக்கும் குசினி, பிரதிநிதிகள் சபை. உறுப்பினர்கள்: அம்மா, என் மனைவி ரோஸ்லின், பிலோ. நடு அறை, மூதவை. உறுப்பினர்கள்: அப்பா, அப்பாவின் அக்கா அந்தோணியம்மா அத்தை, இன்னொருவர். பழைய மூதவையில் பாதிப் பேர் நியமன உறுப்பினர்கள். ஆகவே நானும் ஒருவரை நியமித்தேன்: பக்கத்து வீட்டு ஹனீபா நானா. பஜாரில் கராம்பு, சாதிக்காய் வியாபாரம் செய்கிறவர். எங்கள் பாராளுமன்றத்திலேயே நாட்டில் உண்மையான ஓட்டு வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். சபாநாயகர், செயலாளர், கடைசியில் கையொப்பம் வைக்கும் ஆள், இந்த மூன்றும் நான்.

"மாஸ்டர், எனக்கு என்ன வேல இதுல?" என்று கேட்டார் நானா.

"பிடிச்சா கை தூக்குங்க. பிடிக்காட்டி தூக்காதீங்க."

"அவ்வளவுதானா? கொழும்புல இதுக்கா சம்பளம் கொடுக்குறாங்க?"

மாப்பிள்ளையும் பிரகாசமும் வந்து முன் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். சீனி தட்டுப்பாட்டுக் காலம் அது. ஆளுக்கு ஒரு பிளேன்டீயும் கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் இருங்க, முறைப்படி முடிச்சிட்டு வந்துடுறேன்" என்றேன்.

குசினியில் முதலாம் வாசிப்பு. அதில் தலைப்பை மட்டும்தான் வாசிக்க வேண்டும். "பிலோமினா திருமணச் சட்டமூலம்" என்று வாசித்தேன். இரண்டாம் வாசிப்பில் கொள்கை பற்றிய விவாதம். பிறகு குழுநிலை, அதில் ஒவ்வொரு வாசகமாக எடுத்துத் திருத்தலாம். பிறகு மூன்றாம் வாசிப்பு.

"கோயில்ல மூணு ஓலை வாசிக்கிறாப்பலயா?" என்றாள் ரோஸ்லின்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப ஓலைய வாசிச்சிட்டே போயிறலாமே. இது என்னாத்துக்கு இன்னொரு மூணு?"

பிலோ கை தூக்கினாள். தனக்கே சம்பந்தமுள்ள விஷயத்தில் உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"கட்டிக்கப் போறவளுக்கு ஓட்டு இல்லையாடா?" என்று அம்மா அகப்பையோடு திரும்பினாள். "நல்லா படிச்ச."

இரண்டுக்குப் பூச்சியம் என்று சட்டமூலம் நிறைவேறியது. பதினொன்றேகாலுக்கு அதை நடு அறைக்குக் கொண்டுபோனேன்.

அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெயர் சூசை. அன்றைக்கு யாரும் சொல்லாமலே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவைத் தலைவர் தெரிவு. அப்பா தனக்குத் தானே கை தூக்கினார். நான் எண்ணி எழுதி முடிக்கும்வரை கையை இறக்கவேயில்லை.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்ப்பா."

"சரியா எழுதிக்க."

பிறகு சட்டமூலத்தை வாசித்தேன். நகை பற்றிய வாசகம் வந்ததும் அப்பா குறுக்கிட்டார். அது பணச் சட்டம், அதில் மேல்சபை கை வைக்க முடியாது, கீழ்ச்சபை சொன்னதே முடிவு என்று விளக்கினேன்.

"காசு நான் குடுக்கணும், பேசுறது அவளா?"

"உலகம் பூரா அப்படித்தான் சூசையண்ணே" என்றார் நானா. "எங்க வீட்டுல ஒத்தச் சபைதான். அதுலயும் நான் இல்ல."

அப்பா முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தார். பெண் மாதம் ஒரு தரம் மாத்தளைக்கு வந்துபோக வேண்டும். அப்பா கை தூக்கினார். தம்பி எதற்குத் தூக்கினாலும் அத்தையும் தூக்குவார். நிறைவேறியது. ஆனால் ஒரே வாசகத்தை இரண்டு சபையும் ஏற்றால்தான் சட்டம். ஆகவே திரும்பக் குசினிக்கு ஓடினேன். குசினி ஏற்றுக்கொண்டது. நடு அறைக்கு வந்தேன். அப்பா இரண்டாவது திருத்தத்தோடு காத்திருந்தார்: முதல் பிள்ளை மாத்தளை ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும். அதற்கும் கை தூக்கினார்.

குசினியில் பிலோ முகத்தை மூடிக்கொண்டாள். "இன்னும் கல்யாணமே ஆகல, மனுஷன் பிரசவத்துக்குப் போயிட்டாரு" என்று அம்மா அதை நிராகரித்தாள். நடு அறைக்கு வந்து சொன்னேன். மேல்சபை தன் திருத்தத்தை வலியுறுத்தலாமா என்று அப்பா கேட்டார். கேட்டதற்கு உண்மையைச் சொல்வதுதான் என் வாழ்நாள் நோய். "வலியுறுத்தலாம்ப்பா" என்றேன். மறுபடி கை தூக்கினார்.

விறாந்தையிலிருந்து பிரகாசம் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஆமான்னா ஆமாங்க, இல்லன்னா இல்லைங்க. உள்ள என்ன நடக்குது?"

"இப்ப இரண்டு சபைக்கும் கருத்து வேறுபாடுங்க."

"அது எந்த பஸ்ஸுக்கு முடியும்?"

மூன்றாவது சுற்றுப் பிளேன்டீ போனது, கருப்பட்டி இல்லாமல். பிரசவத் திருத்தத்தை அப்பா பெரிய மனது பண்ணி வாபஸ் வாங்கினார். வாங்கிய கையோடு, மாப்பிள்ளை இரண்டு வருஷத்துக்குள் மாத்தளைக்கு மாற்றம் எடுக்க வேண்டும் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

"அண்ணே, பஸ் போயிரும்" என்றார் நானா. அப்பா கையைத் தூக்கியபடியே இருந்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

பிலோ வந்து அறை வாசலில் நின்றாள். "அண்ணே, அவுங்க போயிட்டாங்க. கும்புட்டுட்டுத்தான் போனாங்க." அழவில்லை. விறாந்தையிலிருந்து எடுத்துவந்த வெறும் கிளாஸ்கள் அவள் கையில் இருந்தன. அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அம்மா பின்னாலேயே வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "ஏங்க, இந்தப் பையன உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலன்னு யாரு சொன்னா? நல்ல பய."

"பின்ன ஏன் இழுத்தீங்க?"

அப்பா அப்போதுதான் கையை இறக்கினார். "நாப்பத்தேழுல ஒரு தடவ ஓட்டுப் போட்டேன். அதுக்கப்புறம் எடுத்துட்டாங்க. அன்னையிலருந்து ஒருத்தரும் எங்கிட்ட ஒன்னு கேட்டதில்ல. இன்னைக்கி இவன் கேட்டான். எண்ணி எழுதிக்கிட்டான்." கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சிருமேன்னு இருந்திச்சி."

நான் படிப்பித்த குடியியல் முழுவதும் அந்த அறைக்குள் வந்து, உட்கார இடமில்லாமல் நின்றது போல் இருந்தது.

ஹனீபா நானாதான் எழுந்தார். "நியமன உறுப்பினர் சொல்றேன். கார் புடிப்போம்."

பஜாரில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கிடைத்தது. டிரைவர் முன்பணம் கேட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். "அது பணச் சட்டம். எங்க சபைக்கு அதிகாரம் இல்ல" என்றார் அப்பா. அவ்வளவு நேரம் படிப்பித்ததில் அவர் மனதில் நின்றது அது ஒன்றுதான்.

அப்பாவும் நானாவும் நானும் யட்டவத்தயில் அந்த வீட்டைத் தேடிப் பிடித்தோம். உள்ளே பிரகாசமும் மாப்பிள்ளையும் பலகாரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் பிந்தி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, "வாங்க, வாங்க" என்று கதிரை போட்டார். நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். (இந்த இடத்தை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.) நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்நியர் வீட்டு முன்னறையில், அவர்கள் கொடுத்த முறுக்கு ஒரு கையில் இருக்க, "பிலோமினா திருமணச் சட்டமூலம், மூன்றாம் வாசிப்பு" என்று தொடங்கினேன்.

"இங்கேயுமா?" என்றார் பிரகாசம்.

அப்பா எழுந்து நின்றார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கையை நேராகத் தூக்கினார். "திருத்தம் ஒன்னுமில்ல. எனக்குச் சம்மதம்."

அந்த வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருள்தாஸ் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். தகப்பனைப் பார்த்தான், என் அப்பாவைப் பார்த்தான், பிறகு அவனும் கை தூக்கினான். எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் பெண்ணின் அப்பா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவரோ நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. எங்க மக கன்னியர் மடத்துக்குத்தான் போவேன்னு காலையிலருந்து உள்ள உட்கார்ந்திருக்கா. இத உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டாவது தட்டுப் பலகாரம் வச்சேன்."

உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மூன்று ஓலையும் வாசித்து, தவக்காலத்துக்குமுன் கல்யாணம் நடந்தது. பிலோவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் எதற்காவது பதில் சொல்லத் தாமதித்தால், "என்னா, மேல்சபையில இருக்கா?" என்று கேட்பார்கள். மூதவை என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது பாட்டியின் தகப்பனார் யாரோ ஒருவர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த அறை. நான் திருத்தப் போவதில்லை. பிலோ என்னை மன்னித்துவிட்டாள். வாக்குரிமை மறுத்ததை மட்டும் மறக்கவில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் இன்றைக்கும், "எனக்கு ஓட்டு இருக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள்.

அப்பா எண்பத்தைந்தாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். பிரசாவுரிமை எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நாற்பத்தேழுக்குப் பிறகு அவர் அபிப்பிராயத்தைக் கேட்டு, எண்ணி, எழுதி வைத்தது அந்த ஒரு நாள்தான். தலைவர் தெரிவிலிருந்து யட்டவத்த வரை ஆறு தடவை கை தூக்கினார். அதற்குக் கார்க் கூலி, டிரைவருக்குச் சாப்பாடு, பிளேன்டீ, கருப்பட்டி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு முப்பத்தொரு ரூபாய் நாற்பது சதம்.