நோரீனின் அறையில் சாப்பிட வந்தவர்கள்

"யாரு உன்னை வம்பு பண்றது? பேரை மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றாள் நோரீன் ஸ்பார்கோ.

"யாரும் இல்ல மிஸ்," என்றாள் டாம்சின், வெஜிமைட் தடவிய ரொட்டியை மென்றபடி.

நோரீனுக்கு ரத்தம் கொதித்தது. டாஸ்மேனியாவின் வடகரையில், கல்லன் பே உயர்நிலைப் பள்ளிக்கு மாணவர் ஆலோசகராக அவள் வந்தது இந்த வருடம்தான். ஆனால் 'யாரும் இல்ல' என்ற பதிலை இதற்கு முன் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் கேட்டிருக்கிறாள். வதைபடுகிற பிள்ளை வேறெப்படிச் சொல்லும்? வலைப்பந்து அணியின் தலைவி, பள்ளி முழுக்கத் தோழிகள் உள்ளவள், அபூர்வமாக வெயில் அடிக்கிற நாளில்கூட மதிய இடைவேளையில் ஆலோசகர் அறைக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்றால், வெளியே யாரோ ஒரு கிராதகன் இருக்கிறான்.

"பயப்படாதே கண்ணு."

"பயமெல்லாம் இல்ல மிஸ். நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்."

பாவி மகள்! தான் படுகிற பாட்டிலும் அடுத்தவர் சாப்பாட்டைக் கவனிக்கிறாள். சூப்பை அப்படியே மூடிவைத்துவிட்டு நோரீன் ஸ்டாஃப் ரூமுக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

தலைமையாசிரியர் வார்விக் லெனாக்ஸ் சோபாவில் கால்நீட்டிச் சாய்ந்திருந்தார். சுற்றிலும் ஆசிரியர் கூட்டம்.

"வாங்க வாங்க, டிஷ்யூ டப்பா! இன்னிக்கு யாரு மூக்கைத் துடைச்சுவிட்டீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நோரீனும் சிரித்துவைத்தாள். வேடிக்கைக்குச் சொல்வதற்கெல்லாம் முகத்தைத் தூக்கினால் பிழைக்க முடியுமா? அவளுடைய காபிக் கோப்பை அலமாரியின் உச்சியில் இருந்தது. நோரீன் ஐந்தடிகூட இல்லை. யாரோ மறதியாக அங்கே வைத்துவிடுகிறார்கள். தினமும் மறந்துவிடுகிறார்கள். அவள் நாற்காலி போட்டு ஏறியபோது, "தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா?" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர் டாரல். மறுபடி சிரிப்பு. சன்னலுக்கு வெளியே கான்டீன் வரிசையில் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"வார்விக், எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தியை யாரோ படுத்தி எடுக்கறாங்க," என்றாள் நாற்காலிமேல் நின்றபடியே. "மதியம் மைதானத்துல ரெண்டு பேர் கூடுதலா நிக்கணும். ஒவ்வொரு வகுப்பா போய் நான் பேசணும். வம்பு பண்றவனைவிட, பாத்துட்டுச் சிரிக்கிறவங்கதான் முக்கியம். அவங்க சிரிக்கறதை நிறுத்தினா பாதி அடங்கிடும்."

"ஒரு போஸ்டர் ஒட்டுங்களேன்ம்மா," என்றார் வார்விக்.

நோரீன் போஸ்டரும் ஒட்டினாள். அவர் தராத நேரத்தைத் தானே திருடி வகுப்பு வகுப்பாகப் போய்த் தொண்டை கட்டும்வரை பேசினாள். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். இனி டாம்சின் தைரியமாக வெளியே போவாள் என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் டாம்சின் வரவில்லை. அவளுக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பு இரட்டையர் இருவர் வந்து, கதவை ஒட்டி உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"உங்களையுமா?" என்றாள் நோரீன், பல்லைக் கடித்துக்கொண்டு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சும்மா வந்தோம் மிஸ். சிப்ஸ் எடுத்துக்கறீங்களா?"

அம்மைபோல அல்லவா பரவுகிறது! யாரும் காவலுக்கு வராவிட்டால் போகட்டும் என்று அவளே ஒரு மதியம் கடல்காற்றில் முடி பறக்க மைதானத்தைச் சுற்றினாள். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு முரட்டுக் குரல் கேட்டது.

"நாளைக்கு நீ போறே. வியாழக்கிழமை அவ. எவனாவது டிமிக்கி கொடுத்தீங்க, தொலைச்சுடுவேன்!"

பத்தாம் வகுப்பு பிராடி மல்லாய். கால்பந்து அணியில் பாதி இடத்தை அவன் உடம்பே அடைத்துக்கொள்ளும். அவனைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் டாம்சின்!

"மாட்டினியா!" என்று பாய்ந்தாள் நோரீன். "முறை போட்டு மிரட்டறியா? என்னடா வசூல் பண்றே இவங்ககிட்ட?"

பிராடியின் முகம் செக்கச்செவேலென்று சிவந்தது. "ஒண்ணுமில்ல மிஸ்."

"டாம்சின், நீ சொல்லு!"

"சொல்ல முடியாது மிஸ்," என்று டாம்சின் தரையைப் பார்த்தாள். "சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

எவ்வளவு மிரட்டி வைத்திருந்தால் இப்படிச் சொல்வாள்! நோரீன் அவனைத் தலைமையாசிரியர் முன் நிறுத்தினாள். அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவன் அம்மாவை வரவழைக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வார்விக் அவனை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்துவிட்டார். அது சுலபமான வேலை. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

போதாததற்குக் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். "நம்ம டிஷ்யூ டப்பா மிஸ் ஒரு பெரிய ரவுடியைப் பிடிச்சிருக்காங்க. மைக் எட்டாது, இல்லேன்னா அவங்களையே பேசச் சொல்லியிருப்பேன்!"

ஆசிரியர் வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அத்தனை பெரிய கூடத்தில் அத்தனை முகங்களும் கல்லாக இருந்தன. நோரீன் வரிசை வரிசையாகப் பார்த்தாள். பிராடியின் ஆட்கள்மேல் இவ்வளவு பயமா?

அன்று மதியம் அவள் அறையில் நிற்க இடமில்லை. மேசைக்கு அடியில் இருவர், சன்னல் விளிம்பில் மூவர், மற்றவர்கள் தரையில். டாம்சின் எல்லாருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் சுளை நோரீனுக்கு.

அவ்வளவுதான். நோரீன் தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் என் ரூம்ல ஒளிஞ்சிருக்காங்க! கண்ணுக்கு முன்னால ஒரு கும்பல் பிள்ளைங்களை வதைக்குது. நீங்க என்னடான்னா மைக்கைப் பிடிச்சு ஜோக் அடிக்கறீங்க!"

"கத்தாதீங்கம்மா," என்றார் வார்விக் நிதானமாக. "நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பிள்ளையும் ஒளியலை. நீங்க வந்தீங்க, எல்லாரும் ஒளியறாங்க. அடுத்த வருஷம் ஆலோசகர் தேவையான்னு நிர்வாகக் குழுவுல கேக்கப்போறேன்."

நோரீன் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். கோபம் ஒருபுறம். அதைவிட மோசம், மனுஷன் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றியதுதான். பேசினாள், ஒருவர் இருவரானார். ஆளைப் பிடித்தாள், இருவர் ஒரு கூட்டமாயினர். இன்னும் ஏதாவது செய்தால் ஊரே வந்து அவள் மேசைக்கடியில் படுத்துக்கொள்ளும்.

தண்டனை முடிந்து பிராடி திரும்பிய நாளில், மதிய மணி அடித்ததும் அவள் அறைக்கதவு திறந்தது. சாஸ் வழியும், இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைக் கையில் ஏந்தி, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு பிராடியே உள்ளே வந்தான். சின்னப் பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. "வாடா, லேட்டு!" என்றான் இரட்டையரில் ஒருவன். பிராடி பெருமூச்சுவிட்டபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேஸ்ட்ரியை ஒரு கடி கடித்தான்.

நோரீன் வெடித்தாள்.

"நீயுமாடா? இந்தப் பள்ளிக்கூடத்துல உன்னையே வம்பு பண்ற அளவுக்கு எவன்டா இருக்கான்? இப்பவே சொல்லு! அவனை நான் சும்மா விடப்போறதில்ல!"

பிராடி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, கூச்சத்தோடு டாம்சினைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"எங்களை யாரும் வம்பு பண்ணல மிஸ், ஸ்டாஃப் ரூம்ல தினமும் உங்களைத்தான் பண்றாங்க, நீங்க தனியா உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னுதான் நாங்க முறை போட்டுக்கிட்டு வர்றோம்."