ஊரை இழுத்துப் போக அனுமதி

ஹாஸ்கெட் நகரம்,
டகோட்டா,
மார்ச் 27, 1886

மதிப்புக்குரிய மைத்துனர் எஸ்ரா அவர்களுக்கு, ஹாஸ்கெட் நகரத்தின் நிறுவனரும் மேயருமான லெமுவேல் ஹாஸ்கெட் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ட்ரூசில்லாவும் உயிரோடு இருக்கிறோம். ஓஹையோவில் நீங்கள் எல்லோரும் அதைவிடக் கொஞ்சம் மேலாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வசந்தத்தில் குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறலாமா, ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஊர் நன்றாகத்தான் இருக்கிறது, நான்கு மைல் தள்ளி இருக்கிறது. ரயில் பாதை நம் ஊர் வழியாக வரும் என்று மூன்று தேர்தலில் பேசி ஜெயித்தவன் நான். அது ஆற்றுக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. அங்கே ஃபெர்ன்டேல் என்று ஒரு புது ஊர் முளைத்தது. நம் ஜனங்கள் டிசம்பரில் தரையும் ஆறும் கெட்டியாக உறைந்ததும், வீடுகளை அடியோடு பெயர்த்து மரக்கட்டைச் சறுக்கில் ஏற்றி அங்கே இழுத்துப் போக ஆரம்பித்தார்கள். விடுவேனா? மேயரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கோழிக்கூண்டைக்கூடத் தெருவில் இழுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ மரியாதையாக வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுத்தார்கள்.

முதலில் வந்தவன் கொல்லன் நில்ஸ் எக்பிளாட். "மேயரய்யா, கையெழுத்து போட்டதுதான் போட்டீங்க, அப்படியே உங்க மாட்டையும் ஒரு நாள் குடுங்க" என்றான். இந்த வட்டாரத்தில் ஆறு ஜோடி எருது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. "ஏன்டா, என் ஊரை என் மாட்டை வெச்சே இழுத்துட்டுப் போவியா?" என்றேன். "எப்ப வேணாலும் என் வீட்டுக் கதவத் தட்டுங்கன்னு தேர்தலப்போ நீங்கதானே சொன்னீங்க? இப்ப தட்டறேன்" என்றான். நான் என்ன செய்ய? கொடுத்தேன். மாடு அவனுக்கு அடங்கவில்லை, ஆகவே நானே ஓட்டிக்கொண்டும் போனேன். அதோடு வழக்கமாகிவிட்டது. திருமதி யோக்கம் தன் மளிகைக் கடையை அடைக்காமலே கிளம்பினாள். உள்ளே அடுப்பில் காப்பி கொதிக்கிறது, நாலு பேர் உட்கார்ந்து குடிக்கிறார்கள், வழியில் இரண்டு பேர் ஏறி பீன்ஸ் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். தேவாலயத்தை இழுத்த அன்று மணியைக் கட்டிவைக்க மறந்துவிட்டோம். நாலு மைலும் அது அடித்துக்கொண்டே வந்ததில், சுற்றுப்பட்டுக் குடியானவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். அன்று புதன்கிழமை. சிறைச்சாலையை, உள்ளே ஒரு குடிகாரன் தூங்குவது தெரியாமல் இழுத்துவிட்டோம். அவன் அங்கே போய் விழித்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, இனிமேல் குடிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தான். என் ஆட்சியில் திருந்திய ஒரே ஆள் அவன்தான், அவனும் இப்போது ஃபெர்ன்டேல்காரன்.

இப்படியாக முப்பத்தொரு கட்டடங்களை நானே கொண்டுபோய் விட்டேன். முதுகு விட்டுப்போச்சு. நகர சபைக் கூட்டம் மட்டும் மாதாமாதம் தவறாமல் நடக்கிறது. நானே தீர்மானம் கொண்டுவருகிறேன், நானே ஆதரிக்கிறேன். போன மாதம் எனக்கே அலுத்துப்போய் எதிர்த்து வாக்களித்தேன்.

"நாமளும் போயிடலாம்ங்க" என்று ட்ரூ ஒரே ஒரு தடவை சொன்னாள். "நிறுவனர் எங்கேயும் போக மாட்டார்" என்று நான் கத்தினேன். உங்களிடம் எதற்கு மறைக்க? நிறுவனராவது மண்ணாங்கட்டியாவது. இப்போது இங்கே இருப்பது எங்கள் வீடும், மேட்டில் மகள் ஓபலின் கல்லறையும்தான். இரண்டு வயதுக் குழந்தை. காய்ச்சலில் அவள் போய், வருகிற ஜூனோடு மூன்று வருஷம் ஆகிறது. எதை வேண்டுமானாலும் சறுக்கில் ஏற்றலாம், அவளைத் தனியாக விட்டுவிட்டு என்னால் போக முடியாது. தினமும் காலையில் ட்ரூ அங்கே போய் நிற்கிறாள். நான் போகாத மாதிரி போய்விட்டு வருகிறேன்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். நான் இங்கிருந்து நகர்வதாகவும் இல்லை. இதில் யாரும் எனக்குப் புத்தி சொல்லவும் வேண்டாம். உங்கள் மனைவிக்கு எங்கள் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், நீங்கள் நட்டது எதுவும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மிகவும் களைத்துப்போன
லெ. ஹாஸ்கெட், மேயர்

பி.கு.: உறை தேடிக்கொண்டிருந்தபோது நில்ஸும் ஏழெட்டுப் பேரும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார்கள். கையில் ஒரு விண்ணப்பம். "இன்னும் என்னடா பாக்கி இருக்கு இழுக்க?" என்றேன். நில்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். "தேவாலயத்துக்குப் பின்னாடி வெயில் படற எடமா பாத்து வேலி போட்டு வெச்சிருக்கோம் மேயரய்யா. தரை இளகட்டும்னுதான் இத்தன நாள் காத்திருந்தோம். மாடு வேண்டாம். பாப்பாவ நாங்களே தோள்ல தூக்கிட்டு வர்றோம்" என்றான். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பெயர் என்ற இடத்தில் ஓபல் ஹாஸ்கெட் என்று எழுதியிருந்தது. இடம் மாறுவதற்கான காரணம் என்ற இடத்தில், இதுவரை எல்லோரும் ரயில் என்றே எழுதியிருந்தார்கள். இதில் நில்ஸ் தன் கோணல் கையெழுத்தில், 'அப்பாவும் அம்மாவும் அங்கே குடிபோகிறார்கள்' என்று எழுதியிருந்தான். நாங்கள் போவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.