ஏழாம் பாட்டும் நான்காம் பதிப்பும்

அதிர்ச்சி அடைவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் மட்டும் ஸ்டோர்ஸ் பார்த்த மனிதர், எனக்குத் தெரிந்து, ஏழாம் பாட்டு ஒருவர்தான். நஞ்சன்கூடு தொழிற்சாலைக்கு மைசூரிலிருந்து தினமும் என்னோடு ஒரே சீட்டில் பஸ்ஸில் வருவார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு ஆங்கில பாப் பாடகியின் 'சிறந்த பாடல்கள்' கேசட்டை வாக்மேனில் போட்டுக் கேட்டுக்கொண்டே வருவார். ஒரு பாட்டு முடிந்த இடைவெளியிலேயே அடுத்ததன் முதல் வரியை முந்திக்கொண்டு உரக்கப் பாடிவிடுவார். பாடகி குரல் அவருக்கு, அவர் குரல் எங்களுக்கு. ஏழாவது பாட்டு அவருக்கு உயிர்.

அந்தக் கேசட் மறுபதிப்பு வந்தது. புதிதாக இரண்டு பாட்டு, ஏழாவதைக் காணோம். நேரே அக்ரஹாரத்துக் கேசட் கடைக்குப் போனார். கூடவே போன பாவத்துக்கு நானும் நின்றேன்.

"புதுசா ரெண்டு சேத்திருக்காங்களே சார்" என்றார் கடைக்காரர்.

"ஏன் ரீ, உங்களுக்குப் புதுசா ரெண்டு காது வெச்சிட்டு மூக்கை எடுத்துட்டா சும்மா இருப்பீங்களா?" என்று கன்னட 'ரீ' போட்டு மரியாதையாகவே கேட்டார் இவர்.

மூன்றாம் பதிப்பில் வரிசையையே மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் லீவு போட்டார். காரணம் என்ற இடத்தில் 'அதிர்ச்சி' என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு முதல் பதிப்பு பொக்கிஷமாகிவிட்டது. விலைக்கு வாங்கும் கேசட்டின் விளிம்பில், தவறி எதுவும் பதிவாகாமலிருக்க, இரண்டு ஓட்டை இருக்குமல்லவா? தூசு போகும் என்று அவற்றைப் பிளாஸ்திரி ஒட்டி அடைத்து வைத்தார். விஜயநகரில் இருந்த என் வீட்டுக்குப் புது டேப்ரிகார்டர் வாங்கியதும், பெரிய ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்கச் சொல்லி, ஒரே ஒரு நாள் அதை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை போட்டுக் கேட்டேன். ஆறாவது பாட்டு முடிந்தது. ஏழாவது இருந்த இடத்தில் என் இரண்டு வயது மகள், "ஊட்டா பேடா" என்று சாப்பாடு வேண்டாமென்று கன்னடத்தில் அழுதுகொண்டிருந்தாள். மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஓட்டைதான் அடைச்சிருந்துச்சே, காலி கேசட்டுன்னு நெனச்சு ராத்திரி பாப்பா குரலைப் பதிஞ்சேன்" என்றாள் மனைவி.

பஸ்ஸில் உண்மையைச் சொல்லி, கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன். போட்டுக் கேட்டார். ஆறாவது முடிந்ததும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். மூன்று நாள் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

நான்காம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், காதில் வாக்மேன். பாட்டு பாட்டாக முந்திப் பாடிக்கொண்டே வந்தார். ஆறாவது முடிந்த இடைவெளியில், பஸ்ஸே திரும்பிப் பார்க்க, என் மகளை முந்திக்கொண்டு அவர் குரல் எழுந்தது.

"ஊட்டா பேடா!"

பிறகு என் பக்கம் திரும்பி, "நாலாம் பதிப்பு சார். உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அந்த சீட்டில் வேறு யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.