மீற்றர் நானாவின் கறுப்பு வயர்

2013 மார்ச் 14, வியாழக்கிழமை. காலை 5.40க்குக் குளத்து நீரின் வெப்பநிலை 27 பாகை. 6.15க்குப் பாணும் சம்பலும். 7.00க்கு இறாலுக்குத் தீனி. 8.50க்குத் துடுப்புச் சக்கரம் நின்றது. 8.52க்கு, கண்ணையும் காதையும் நம்பாமல் மீற்றர் முள்ளை மட்டும் நம்பி வாழ்ந்த, உலகத்திலேயே ஒரே மனிதருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

தில்லையடியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த மீற்றர் நானாவைத்தான் சொல்கிறேன். கலியாண வீட்டில் ஆறு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து ஆறாவது ஆளுக்காகக் காத்திருப்பார்கள். நானா மேடைக்குப் பின்னால் ஜெனரேற்றருக்கு வோல்ட் பார்த்துக்கொண்டிருப்பார். பிளேன்டீ கொடுத்தால் அதற்குள் வெப்பமானியை விடுவார். அறுபது பாகைக்குக் கீழே என்றால் கோப்பை திரும்பி வரும்.

1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வரும்போது மகளை நடக்கவிட்டு மீற்றரைத் தூக்கி வந்தார் என்று ஊரில் கதை. அவரிடமே கேட்டேன்.

"பொய்க் கதை தம்பி. அவளுக்கு அப்ப பதினாறு வயசு. தூக்கேலுமா?"

மீற்றரைத் தூக்கி வந்ததை அவர் மறுக்கவில்லை.

மின்சாரம் அளக்கும் அந்த மீற்றருக்கு ஒரு சட்டம் உண்டு. அதற்கு இரண்டு வயர், கறுப்பும் சிவப்பும்; கறுப்பின் நுனியில் ஒரு கவ்வி. எந்தச் சாமானைத் திருத்தினாலும் முதலில் அதன் இரும்புப் பெட்டியில் கவ்வியை மாட்டி, வயரால் ஒரு முடிச்சும் போடுவார். பிறகு வேலை முடியும்வரை சிவப்பு வயர் மட்டும்தான் அலையும். "ஒரு காலாவது ஊண்டி நிக்கவேணும்" என்பார்.

குளம் பெர்னதெத் அக்காவுடையது. ஆலங்குடாப் பக்கம் களப்போரத்தில் அவருக்கு இருந்த ஒரேயொரு குளம். அதில் மூன்று மாத இறால், இன்னும் பத்து நாளில் பிடிக்கவேண்டியது. குளத்துப் பதிவேடு எழுதுவது என் வேலை. பொழுது சாய்ந்தபின் சக்கரம் சுற்றாவிட்டால் நீரில் மூச்சு குறையும். விடியும்போது இறால் எல்லாம் மிதக்கும்.

10.35க்கு நானா வந்தார். மின்கம்பி எட்டாத மூலை என்பதால் சக்கரம் பற்றரிகளில் ஓடியது. அதன் வேகத்தை ஆளும் பெட்டி நானா தன் கையால் செய்தது.

"என்ட பெட்டி பழுதாகாது. மோட்டரைப் பாருங்க" என்றார்.

மோட்டரை நேரே பற்றரியில் கட்டினோம். சுற்றியது.

"அப்ப இப்பிடியே விடுவமே நானா?" என்றார் அக்கா.

"பெட்டி இல்லாம முழு வேகத்தில ஓடினா நாலு மணித்தியாலத்தில பற்றரி காலி. பிறகு நீங்கதான் துடுப்புப் போடவேணும், தங்கச்சி."

பெட்டியைத் திறந்தார். பெரிய பற்றரிகளைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த சுற்றுப்பலகைக்கு மட்டும் சிறு மின்சாரம் கொடுத்தார். கறுப்பு வயர் பெட்டியில் ஏறியது, முடிச்சும் விழுந்தது. மோட்டரை ஓட்டும் பெரிய டிரான்சிஸ்டருக்குத் 'திற, மூடு' என்று சொல்ல ஒரு சிறிய சிப் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். அதன் உள்வாயிலில் சிவப்பு வயரை வைத்தால் முள் எழுந்தது. கட்டளை வருகிறது. வெளிவாயிலில் வைத்தால் முள் பூச்சியத்தில் படுத்துக்கொண்டது.

"டிரைவர் மௌத்து" என்று புதிதாக ஒன்றைப் பற்றவைத்தார். பூச்சியம். கடைசியாக இருந்த இன்னொன்றையும் வைத்தார். பூச்சியம்.

"மூண்டும் ஒண்டாச் செத்ததா நானா?"

"தம்பி, கேள்வி கேக்காம எழுதுங்க."

எழுதினேன். 2.10: பூச்சியம். 2.40: பூச்சியம். 3.05: பூச்சியம், நானா கோபம்.

அஸர் தொழுதுவிட்டு வந்தவரிடம் அக்கா குரலை உயர்த்தினார். "ஒரு சிப்புக்குள்ள அப்பிடி என்னதான் இரிக்கி?"

நானாவுக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும். "நடுவில களப்பு இரிக்கி, தங்கச்சி. இந்தக் கரையில சின்ன மின்சாரம், அந்தக் கரையில பெரிய மின்சாரம். ரெண்டும் தொடக்கூடாது. அதால வயர் இல்ல. இங்கால இருந்து வெளிச்சம் காட்டினா, உச்சமுனையில நிக்கிறவன் பார்த்துட்டுத் தன்ட லாம்பைக் காட்டுவான்."

அக்காவின் அண்ணன் குடும்பம் களப்புக்கு அக்கரையில், உச்சமுனையில். அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: "அப்ப அவன்ட லாம்பில எண்ணெய் இரிக்கா எண்டு நீங்க இந்தக் கரையில நிண்டா பார்க்கிறீங்க? வள்ளம் ஏறி அங்க போகவேணாமா?"

நானா கறுப்பு வயரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரும்புப் பெட்டி இந்தக் கரையைச் சேர்ந்தது; வயர் அதிலேயே முடிச்சோடு உறுதியாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு கரைக்கும் தொடர்பே இல்லாதபோது, ஒரு காலை இங்கே ஊன்றி மறு காலால் அங்கே அளந்தால் பூச்சியம் வராமல் வேறென்ன வரும்?

4.12க்கு, நான் அறிய முதல் தடவையாக, வேலை நடுவில் நானா முடிச்சை அவிழ்த்தார். கவ்வியை அந்தக் கரையின் சொந்தத் தரையில் மாட்டி, அந்தக் கரைக்கென்று தனியாக வரும் மின்சாரத்தை அளந்தார். பதினைந்து வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு.

"பட்டினி! பட்டினி கிடக்கிறவன் எப்பிடிப் பேசுவான்?"

அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் கொடுக்கும் குட்டி டயோட்டின் காலை உப்புக்காற்று தின்றிருந்தது. தன் பையிலிருந்த போன் சார்ஜரைப் பிரித்து அதிலிருந்து ஒரு டயோட்டைக் கழற்றிப் போட்டார். முதலில் மௌத்தாக்கிய டிரைவரை எடுத்து, "மன்னிச்சிக்கொள்ளு வாப்பா" என்று பழைய இடத்திலேயே பற்றவைத்தார்.

5.20க்குப் பெரிய பற்றரிகளை மீண்டும் மாட்டினோம். சக்கரம் சுற்றித் தண்ணீர் எங்கள் முகத்தில் அடித்தது.

"சுத்துது நானா, சுத்துது!" என்று அக்கா கத்தினார்.

"பொறுங்க" என்றார் நானா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "முள் சொல்லட்டும்."

முள்ளும் சொன்னது. ஆறு மணி பஸ்ஸில் போவதாகச் சொல்லிப் பையை எடுத்தார். நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் 5.30க்கு வந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு இறாலும் மிதக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில், தீனிச் சாக்குகளின் மேல் மீற்றர் நானா தூங்கிக்கொண்டிருந்தார். மீற்றர் மடியில். கறுப்பு வயரின் கவ்வியைத் தொலையாமல் தன் சட்டைப் பொத்தானில் மாட்டி, ஒரு முடிச்சும் போட்டிருந்தார்.

அவரை எழுப்பவில்லை. முதல் வேலையாக அடுப்பை மூட்டினேன். அவருடைய பையிலிருந்து வெப்பமானியை மெதுவாக எடுத்துக் கழுவினேன். அன்றைய பதிவேட்டின் முதல் வரி குளத்தைப் பற்றியது அல்ல. அந்த வரி இன்றும் இருக்கிறது: 5.40, பிளேன்டீ, 64 பாகை.