ஒரு லட்சமாவது கிலோமீட்டர்

"விடியக்காலைல வேனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று லித்தியா கேட்டாள்.

"கத்தாதே. பேட்டரி வயரைக் கழட்டுறேன்."

"நல்லா இருக்கிற வயரை எதுக்குக் கழட்டணும்?"

"சகியூசா வர்றான். நாடி நகரத்துல ரக்பி மேட்சாம். பொறந்ததுலேர்ந்து என் அக்கா மகன் எங்கிட்ட எதைக் கேட்டு நான் இல்லைன்னு சொல்லியிருக்கேன்? சொல்லத்தான் முடியுமா?"

முடியாது. அந்தத் தீவில் அக்கா மகன் கேட்டால் கேட்டதுதான். கோழி கேட்டால் கோழி, பாய் கேட்டால் பாய். தாய்மாமன் வாயில் 'இல்லை' வந்துவிட்டால், அப்புறம் அந்த மனுஷன் கோயிலில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் இருமுவார்கள்.

ஆனால் லித்தியாவின் புருஷன் அப்பெனிசாவின் நெஞ்சில் இப்போது ரக்பி இல்லை. பெல்ட் இருந்தது.

வேன் இஞ்சினுக்குள் ரப்பரில் ஒரு டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் உள்ளே ஒன்றோடு ஒன்று முட்டி இஞ்சினே நொறுங்கிப்போகும். பிறகு வேனில் கோழி அடைக்கலாம், அவ்வளவுதான். அதை எப்போது மாற்ற வேண்டும் என்று ஜப்பானிலிருந்து வேனோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எழுத்து ஒன்றும் புரியவில்லை. 100,000 என்ற எண் மட்டும் நன்றாகப் புரிந்தது.

இப்போது மீட்டரில் 99,640. சனிக்கிழமைதோறும் பெண்களையும் கிழங்கு மூட்டைகளையும் ராக்கிராக்கி சந்தைக்கு ஏற்றிப்போகும் இந்த வேனை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. டவுன் மெக்கானிக் யூனுஸிடம் புது பெல்ட் சொல்லி வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

"இன்னும் வரலை மச்சான்" என்பான் யூனுஸ், எப்போது போன் செய்தாலும். "நீ பாட்டுக்கு ஓட்டு."

"லட்சம்னு போட்டிருக்கே?"

"லட்சம்னா கறாரா லட்சமா? கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

"முன்னயா பின்னயா? அதைச் சொல்லித் தொலையேன்!"

"அது வண்டியைப் பொறுத்தது மச்சான்."

அப்பெனிசா அன்றைக்குப் போனை வைத்த வேகத்தில் மேஜையே ஆடியது.

சகியூசா வந்தான். சாவியைத் திருப்பினான். வேன் வாயே திறக்கவில்லை.

"பேட்டரி செத்துப்போச்சுடா மருமகனே" என்றார் அப்பெனிசா, துக்க வீட்டுக் குரலில். "எனக்கே வயிறு எரியுது."

"அய்யோ மாமா! கவலைப்படாதீங்க!" என்று ஓடினான் சகியூசா. எட்டு ஆட்டக்காரர்களோடும் மூன்று பேட்டரிகளோடும் திரும்பி வந்தான். ஊரில் நல்ல மனசுக்காரர்கள் அதிகம். அதில் ஒரு தடியன் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "வயர்தான் கழண்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று மாட்டிவிட்டான்.

"இந்தப் பழைய வண்டி அப்படித்தான், தானா கழண்டுக்கும்" என்றார் அப்பெனிசா. லித்தியா முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரித்தாள்.

"டேய், பெல்ட் பத்திரம்! லட்சத்துக்கு இன்னும் முந்நூத்தி அறுபதுதான் இருக்கு!"

"ஒண்ணும் ஆகாது மாமா" என்றான் சகியூசா. எப்போதும் அதைத்தான் சொல்வான். அதைக் கேட்டாலே அப்பெனிசாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

வேன் இருட்டுவதற்குள் திரும்பியது. மீட்டர் 99,931.

"நாடிக்குப் போய்வர இருநூத்தி எழுபதுதானேடா? மிச்ச இருபத்தொண்ணு எங்கடா போச்சு?"

"அப்படியே சித்தி வீட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்தோம் மாமா."

"ஒரு எட்டா? இருபத்தோரு கிலோமீட்டர்டா அது!"

அந்தச் சனிக்கிழமை சந்தைக்குப் போய்வந்ததில் இன்னும் முப்பத்தாறு போயிற்று. இனி யாருக்கும் வண்டி இல்லை என்று அப்பெனிசா முடிவு செய்தார். ஆனால் வாய்விட்டு இல்லை என்று சொல்ல முடியாதே. அதனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி லித்தியாவிடம் சொன்னார்: "நம்ம பெல்ட் இன்னிக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. எந்த நிமிஷம் அறுந்துபோகுமோ தெரியலை."

பலன் உடனே தெரிந்தது. யாரும் வேனை இரவல் கேட்கவில்லை. ஏறவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பெண்கள் மூட்டைகளோடு பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"ஏறுங்கம்மா, நான்தானே ஓட்டுறேன்!"

"நீங்கதான் சொன்னீங்க, இழுத்துக்கிட்டுக் கிடக்குன்னு. பாலத்து மேல அறுந்தா?"

"பெல்ட் அறுந்தா வண்டி நிக்கும். அவ்வளவுதான். பாலமா இடியப்போகுது?"

"நின்னா எங்க கிழங்கை யார் சுமக்கிறது?"

பள்ளிக்கூட வாத்தியார் சும்மா இருக்கவில்லை. "கிலோமீட்டர் கணக்கே தப்பு. ரப்பருக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு. உங்க பெல்ட் எப்பவோ செத்திருக்கணும்" என்றார். பாதிரியாரோ அடுத்த பிரசங்கத்தில், எந்த நேரத்திலும் அறுந்துவிடக்கூடிய மனித வாழ்வைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சபை முழுக்கத் திரும்பி அப்பெனிசாவைப் பார்த்தது.

"என் பெல்ட்டை வச்சு இவரு பிரசங்கம் பண்றாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று வழியெல்லாம் பொருமினார்.

"நீங்கதானே வாசல்ல நின்னு பறையடிச்சீங்க?" என்றாள் லித்தியா.

சரி, நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பக்கத்து ஊர் வரை எல்லோருக்கும் இலவச சவாரி என்று அறிவித்தார். இலவசம் என்றதும் பதினோரு பேர் ஏறினார்கள். அப்பெனிசா நடக்கிற வேகத்தில் ஓட்டினார். மேட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இஞ்சின் சீட்டுக்கு அடியில் இருந்ததால் அவ்வப்போது குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஒரு கோழி வேனை முந்திக்கொண்டு போனது. போய்வந்து இறங்கிய பதினோரு பேரும், இனி செத்தாலும் இந்த வண்டியில் ஏறுவதில்லை என்று தீர்மானித்திருந்தார்கள்.

மீட்டர் 99,989. மிச்சம் பதினொன்று. யூனுஸின் பட்டறை பதினெட்டு கிலோமீட்டர்.

"நான் ஓட்டிட்டுப் போறேன் மாமா. சத்தியமா ஒண்ணும் ஆகாது" என்றான் சகியூசா.

"நீ பேசாதே! அந்த இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு உன்னாலதானே போச்சு? இருந்திருந்தா ராஜா மாதிரி ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன்!"

பக்கத்துக் கரும்புக்காரரிடம் இரண்டு உழவு மாடுகள் இருந்தன. வேனின் முன்னால் கயிறு கட்டி மாடுகளைப் பூட்டினார்கள். இஞ்சினை அணைத்துவிட்டு அப்பெனிசா ஸ்டியரிங்கைப் பிடித்தார். சகியூசா பின்னாலிருந்து தள்ளினான். யாரும் தள்ளச் சொல்லவில்லை. ரோட்டில் போன கரும்பு லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். "மச்சான், மாட்டுக்குப் பெட்ரோலா டீசலா?" என்று ஒருவன் கத்தினான்.

பாதி வழியில் அப்பெனிசா அலறினார். மாடுகள் பயந்து நின்றன.

"என்ன மாமா?"

"மீட்டர் ஓடுதுடா! இஞ்சின் தூங்குது, மீட்டர் ஓடுது! மாடு நடந்த தூரத்தை என் பெல்ட் தலையில எழுதுறான் பார், படுபாவி! இது எந்த ஊரு நியாயம்?"

அவர் மீட்டரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோதே பாலத்தைத் தாண்டியதும் ஐந்து ஒன்பதுகளும் ஒன்றாகப் புரண்டன. ஒரு லட்சம். அப்பெனிசா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பட்டறை வாசலில் மாடுகளைக் கண்ட யூனுஸ், எட்டிப் பார்த்த தலையை இழுத்துக்கொண்டு இன்னொரு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். எத்தனை தடவை கூப்பிட்டும் வெளியே வரவில்லை. சகியூசா வியர்வை சொட்ட, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தூரப் போனான்.

"மச்சான், வெளிய வா! பெல்ட் வந்துச்சா இல்லையா? ரெண்டு மாசமா என் பொழைப்பு நாறுது! எந்தப் பயலுக்காவது என் பெல்ட் மேல அக்கறை இருக்கா? அந்தச் சகியூசா ஒருத்தன், வாயைத் திறந்தா ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது! வண்டியோட அருமை அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் உழைச்சிருப்பானா அதுக்கு?"

சத்தம் கேட்டு யூனுஸின் மனைவி ஷமீம் தேநீரோடு வந்தாள். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வேனையும் மாடுகளையும் பார்த்தாள்.

"இந்த வேனுக்கா அண்ணே பெல்ட் கேக்குறீங்க? உங்க அக்கா மகன் இரவல் எடுத்துட்டு வந்தப்பவே அது அறுந்து இஞ்சின் நொறுங்கி ரெண்டு வருஷம் ஆச்சே, பெல்ட்டே இல்லாம சங்கிலில ஓடுற வேற இஞ்சின் போட்டதுக்குக் கூலியா அவருதானே ரெண்டு சீசனா எங்க கரும்பெல்லாம் வெட்டிக் குடுக்கிறாரு!"