கிட்டுசாமி உபயம், பனி வண்டி

பனியை வென்றவர்கள் உலகில் இரண்டே வகை. பனியை அள்ளியவர்கள் ஒரு வகை. பனி அள்ளுவதைப் பற்றிக் கூட்டம் போட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் எங்கள் நியூ ஜெர்சி ‘முல்லைத்தென்றல் தமிழ் மன்ற’த்துக்கு நிகர் கிடையாது. அதன் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பின் உள்தெருக்களுக்கு டவுன்ஷிப்பின் பனி அள்ளும் வண்டி வராது. ஆகவே மன்றத் தலைவரும் ரியல் எஸ்டேட் ஏஜென்டுமான கிட்டுசாமி, பழைய பிக்கப் டிரக் ஒன்றை, பனி தள்ளும் இரும்புத் தகட்டோடு வாங்கி அன்பளிப்பாகத் தந்தார். கோயில் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதாமல் விடாத பரம்பரை நாங்கள், வண்டியை விடுவோமா? ‘உபயம்: கிட்டுசாமி’ என்று, அவருடைய சிரித்த முகத்தோடு தகர போர்டு ஒன்று செய்தோம். அதை வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு நேர் எதிரே, இண்டு இடுக்கு இல்லாமல் போல்ட் போட்டு முடுக்கினோம். பூசை போட்டோம். எலுமிச்சம்பழமும் நசுங்கியது.

முதல் பனிக்கு வண்டி ஒரு தெருவைத் தாண்டவில்லை. எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது.

உடனே ‘எஞ்சின் வெப்ப ஆய்வுத் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. எல்லோருமே எஞ்சினியர்கள். சாஃப்ட்வேர்தான், இருந்தாலும் எஞ்சினியர்கள். குழுத் தலைவர் மதன் எஞ்சினை ஆஃப் செய்து ஆன் செய்தார். கூலன்ட் மாற்றினார். கடைசியில் எஞ்சின் சூட்டைச் செல்போனில் காட்டும் ஆப் ஒன்றை எழுதினார். இனி வண்டி கொதிப்பதை அவரவர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

அந்த ஆப்பின் வெளியீட்டு விழாவுக்குக் கடைசி வீட்டு ஷ்யாமளா வந்திருந்தார். அவர் கணவர் பாலசுப்ரமணியனுக்கு டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் மூச்சு முட்டும். மறுநாள் பனிப்புயல்; அது ஓய்ந்த காலையில் அவர் ஆஸ்பத்திரி போயாக வேண்டும்.

“மதன், ரேடியேட்டருக்குக் காத்தே போகல. அந்த போர்டைக் கழட்டுங்க, சரியாயிடும்,” என்றார் ஷ்யாமளா.

எல்லோரும் கிட்டுசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கழட்டறது பெரிய விசயமில்லீங்க. குடுத்தவங்க மனசு என்ன பாடுபடும்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?” என்றார், கொடுத்தவர்.

மதன் சமரசம் பேசினார். “சார், போர்டு இருக்கட்டும். மூக்குல மட்டும் ரெண்டு ஓட்டை போட்டுக்கலாம். ஏர்ஃப்ளோ நேச்சுரலா இருக்கும்.”

கிட்டுசாமி தன் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு மறுத்தார். கதவில் மாட்டலாமே என்றார் ஒருவர். எதிரே வருகிறவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று கிட்டுசாமி கேட்டதும் அவரும் உட்கார்ந்துவிட்டார். இறுதியில் நான் ஒரு தீர்மானம் முன்மொழிந்தேன்: ‘எஞ்சின் சூடாகாதிருக்கும் பொருட்டு வண்டியை ஓட்டாதிருப்பது.’ பலத்த கைதட்டலோடு நிறைவேறியது.

“அப்ப இவர் எப்படிப் போவார்?” என்று ஷ்யாமளா கேட்டார். அது அஜெண்டாவில் இல்லை.

புயல் ஓய்ந்த காலையில் ஆப் பச்சை காட்டியது. ‘டெம்பரேச்சர் ஸ்டேபிள்’ என்று மதன் வாட்ஸ்அப்பில் போட, வாழ்த்துகள் குவிந்தன. ஷ்யாமளா தன் வீட்டு வாசலில் தனியாகப் பனி வாரிக்கொண்டிருந்தார். உள்ளே பாலசுப்ரமணியனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டது. முழங்கால் பனியில் ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு, எங்கள் வண்டி நின்ற வழியாக நடந்து வந்தார்கள்.

மன்றத்தார் சும்மா இருப்போமா? ஆளுக்கொரு மண்வாரியோடு ஓடினோம். வண்டிமேல் ஏறி, போர்டை மூடியிருந்த பனியை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்தோம்.

ஸ்ட்ரெச்சரில் போகிறவர் படிக்க வேண்டாமா?