ஒரு விரல் ஸ்டியரிங்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவது என்று நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். அதற்குக் காரணம் எங்கள் காரின் ஸ்டியரிங்.

வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ். மிச்சமிருக்கிற ஒரு நாள் என் மனைவியின் அக்கா வீடு. ஊரின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அவர்கள். போனதும் அக்காவும் தங்கையும் உள்ளே போய்விடுவார்கள். சகலை என்னைச் சோபாவில் உட்காரவைத்து, தான் வேலையில் இருந்தபோது யாரை எப்படி மடக்கினார் என்று ஆரம்பிப்பார். மேலதிகாரியை மடக்கின கதை முடிந்தால், அந்த மேலதிகாரிக்கு ஒரு மேலதிகாரி இருப்பார். சாயங்காலம் வரைக்கும் தலையாட்டிவிட்டு, கழுத்து வலியோடு திங்கட்கிழமை ஆபீஸ் போவேன். அலுத்துப்போச்சு சார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போதுதான் ஸ்டியரிங் மக்கர் பண்ணியது. தெருமுனைத் திருப்பத்திலேயே முனகியது. இறுகிப்போன ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரி இரண்டு கையாலும் திருகினேன்.

"என்னங்க, ஏன் இப்படி முக்கறீங்க?"

"நான் முக்கலை. வண்டி முக்குது."

"அப்ப போக வேணாம். திரும்பிடுங்க."

"திரும்பினாத்தானே திரும்பறதுக்கு."

ஒருவழியாக வீடு வந்து படுத்தேன். மத்தியானம் கண் விழித்தபோது நான் யார், இது என்ன ஊர் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. அவ்வளவு சுகம்.

மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"பவர் ஸ்டியரிங் ஆயில் அடிமட்டத்துல கிடக்கு சார். ஹோஸ் மூட்டுல கசியுது. ஆயில் இல்லாட்டி பம்ப் வெறும் காத்தைத்தான் தள்ளும். அதான் முனகல், அதான் கனம்."

புது ஹோஸ் போட்டார். ஆயில் ஊற்றினார். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினார். அரை மணி நேரத்தில் என் நிம்மதிக்கு முடிவு கட்டிவிட்டார் மனுஷன்.

"இப்ப ஒரு விரல் போதும் சார். ஆனா எஞ்சின் ஓடினாத்தான். நிறுத்திட்டா பம்பும் நின்னுடும், கனமாத்தான் இருக்கும். அது கோளாறு இல்ல, பயந்துடாதீங்க."

நான் பயப்படவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் மூளை தானாக வேலை செய்தது.

"சரியாயிடுச்சா?" என்றாள் மனைவி, நான் வாசலில் வண்டியை நிறுத்தியதும்.

"எங்க? பம்பே போச்சாம். சாமான் வரணுமாம். நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

"சொல்ல முடியாதாம். நம்பலேன்னா நீயே உட்கார்ந்து திருப்பிப் பாரு."

கார் ஓட்டிப் பழகாதவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். சாவியைப் பாதிதான் திருப்பினேன். டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். எஞ்சின் மட்டும் ஓடவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில் அது யாருக்குத் தெரியும்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஸ்டியரிங் அசைவேனா என்றது.

"அம்மாடி. இதைப் பிடிச்சுக்கிட்டா நேத்து வண்டியை வீடு கொண்டுவந்து சேர்த்தீங்க?"

"பின்னே? தோள்பட்டை கழண்டுபோச்சு."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லி என்ன ஆகப்போகுது."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அன்றிலிருந்து தினமும் என் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ராத்திரியிலிருந்து கொஞ்சம் அழுத்தமாகவே தேய்த்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். வாசலில் ஹாரன் அடித்தது. எவன்டா அது காலங்கார்த்தாலே என்று புரண்டு படுத்தேன். மறுபடியும் அடித்தது. எங்கள் கார் ஹாரன்.

கலைந்த தலையோடு வாசலுக்கு ஓடினேன். டிரைவர் சீட்டில் மனைவி. ரேடியோ இல்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலால் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் இரண்டும் நாய்க்குட்டி வால் மாதிரி ஆடின.

"செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில மெக்கானிக்கைப் பார்த்தேங்க. புது ஹோஸ் எப்படி இருக்குன்னு விசாரிச்சார். நல்ல மனுஷன், எல்லாத்தையும் விவரமாச் சொன்னார்."

கலைந்த தலையைக் கோதிவிட்டுக்கொண்டேன்.

"அன்னிக்கு நீங்க எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மறந்துட்டீங்க. பாட்டு மட்டும்தான் ஓடிச்சு."

"ஆமா... மறந்துட்டேன் போல."

"பரவாயில்ல. ஆபீஸ் அலைச்சல்."

"செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சுமா தைலம் தேய்ச்சே?"

"புருஷன் தோள் வலின்னா தேய்க்காம இருப்பாங்களா?"

திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, கோபித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்திருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டாள்.

"கார் ஓட்டத் தோள்ல பலம் வேணும்னு இத்தனை வருஷம் பயந்துக்கிட்டிருந்தேங்க. இவ்வளவு லேசுன்னு இப்பத்தான் தெரியுது. ஓட்டிப் பழகறதுக்கு லைசென்ஸும் எடுத்துட்டேன். நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தரணும்."

"எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமைதானே உங்களுக்கு லீவு."

"எங்க ஓட்டிப் பழகறது?"

"அக்கா வீடு வரைக்கும்தான். தெரிஞ்ச வழி பாருங்க."

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்னை வெயில் ஏறின பிறகுதான் எழுப்புவாள். இப்போது விடிவதற்கு முன்னாலேயே எழுப்பிவிடுகிறாள். ரோடு காலியாக இருந்தால்தான் பழக வசதியாம்.